சைக்கிள்கார் என்றால் என்ன? ஜி.என். என்ற சின்ன கம்பெனியை வைத்துப் புரிந்துகொள்வோம்

1910-இல் இங்கிலாந்தில் ஒரு குமாஸ்தாவோ பள்ளி ஆசிரியரோ சொந்தமாக வண்டி வாங்க நினைத்தால் அவருக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான். ஒன்று மோட்டார் சைக்கிள், வேண்டுமானால் பக்கத்தில் ஒரு சைட்கார் மாட்டிக்கொள்ளலாம். இன்னொன்று கார், ஆனால் அது வசதியானவர்களின் சமாச்சாரம், வாங்குகிற விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அதைத் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டுவதற்கே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த காலம் அது. மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் இருந்தும், குடும்பத்தை மழையில் நனைய வைத்துக் கூட்டிப்போக மனசு வராதவர்கள் ஏராளம். இவர்களை நினைத்துப் பிறந்ததுதான் சைக்கிள்கார்.

பெயரைப் பார்த்து மிதிவண்டி என்று நினைக்க வேண்டாம். இங்கே 'சைக்கிள்' என்பது மோட்டார் சைக்கிளைக் குறிக்கிறது. மோட்டார் சைக்கிளின் இன்ஜின், பெல்ட், செயின், மெல்லிய கம்பிச் சக்கரங்கள், இதையெல்லாம் எடுத்து நான்கு சக்கரத்திலோ மூன்று சக்கரத்திலோ இரண்டு பேர் உட்காருகிற மாதிரி கட்டினால் அது சைக்கிள்கார். 1912 டிசம்பரில் பல நாட்டு மோட்டார் சைக்கிள் சங்கங்கள் கூடி இதற்கு ஒரு வரையறையும் போட்டன. பெரிய வகைக்கு எடை 350 கிலோவைத் தாண்டக் கூடாது, இன்ஜின் 1100 சிசிக்குள் இருக்க வேண்டும். சின்ன வகைக்கு 300 கிலோ, 750 சிசி. இரண்டு வகையிலும் கிளட்சும் கியரும் கட்டாயம். 350 கிலோ என்றால் எவ்வளவு குறைவு என்பது சட்டென்று பிடிபடாது. இன்றைய சின்ன காரையே எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரணமாக 700, 800 கிலோ வரும். அதில் பாதிதான், இல்லை அதற்கும் குறைவு.

அந்த நாட்களில் ஐரோப்பா முழுக்க இப்படி வண்டி கட்டக் கிளம்பியவர்கள் நிறையப் பேர். பிரான்ஸில் பூர்போ, டெவோ என்ற இருவர் பெடெலியா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும், ஓட்டுபவர் பின்னால், கூட வருபவர் முன்னால். இங்கிலாந்தில் மால்வெர்ன் பக்கத்தில் மார்கன் என்பவர் மூன்று சக்கர வண்டி கட்டினார், அந்தக் கம்பெனி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சைக்கிள்கார் என்ற யோசனையை அடியிலிருந்து புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஜி.என்.-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. வெறும் பதினைந்து வருடம்கூட நிலைக்காத கம்பெனி. அது விட்டுப்போனதைத் தேடிக்கொண்டு போனால் பி.எம்.டபிள்யூ., போர்ஷே, இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சு விமானம் வரை போகிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஜி என்றால் காட்ஃப்ரி, என் என்றால் நாஷ். எச். ஆர். காட்ஃப்ரியும் ஆர்ச்சிபால்டு ஃப்ரேஸர்-நாஷும் லண்டனில் ஃபின்ஸ்பரி டெக்னிக்கல் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். 1910-இல் ஹெண்டன் பகுதியில் ஃப்ரேஸர்-நாஷ் வீட்டுக் குதிரை லாயத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை கிடையாது, பெரிய முதலீடு கிடையாது. கையில் காசு இல்லாத இரண்டு இளம் இன்ஜினியர்கள் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து "இது இல்லாமல் வண்டி ஓடுமா?" என்று கேட்டுக் கேட்டுக் கழித்தால் என்ன மிஞ்சுமோ அதுதான் முதல் ஜி.என்.

சரி, என்னதான் மிஞ்சியது?

முதலில் சட்டகம், அதாவது சேஸிஸ். ஆரம்பகால ஜி.என்.-இல் அது மரம். ஆஷ் என்கிற மரம், லேசானது, வளையும், சட்டென்று உடையாது, கோடாரிக் கைப்பிடி போடுவதற்கு அங்கே இதைத்தான் எடுப்பார்கள். இரண்டு நீளமான கட்டைகள், குறுக்கே சில இணைப்புகள், அவ்வளவுதான்.

அடுத்தது இன்ஜின். முதலில் வெளியிலிருந்து வாங்கிப் போட்டவர்கள் சீக்கிரமே சொந்தமாக வி-ட்வின் செய்ய ஆரம்பித்தார்கள், அதாவது இரண்டு சிலிண்டர்கள் 'வி' எழுத்து மாதிரி விரிந்து நிற்கும், நடுவே 90 டிகிரி கோணம். ஏன் 90? இப்படி வைத்து கிராங்க் ஷாஃப்டில் சரியான எதிர் எடை போட்டால் பிஸ்டன்கள் மேலும் கீழும் அடிக்கிற முதன்மையான உதறல் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மரச் சட்டகத்தில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு இது சின்ன விஷயம் இல்லை. குளிர்விக்கத் தண்ணீரும் கிடையாது, காற்றேதான், பைக் இன்ஜினில் பார்ப்பீர்களே அந்த மடிப்பு மடிப்பான தகடுகள், அதுதான். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, அவற்றின் எடை இல்லை, குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடிக்கும் என்ற பயமும் இல்லை. போருக்குப் பிந்தைய ஜி.என். படங்களைத் தேடிப் பாருங்கள், பானெட்டின் இரண்டு பக்கமும் சிலிண்டர்கள் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும்.

ஸ்டியரிங்? கம்பிக்கயிறுதான். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு உருளை, அதில் சுற்றிய கயிறு முன் அச்சுக்குப் போகும், நீங்கள் வளைத்தால் ஒரு பக்கம் சுற்றிக்கொள்ளும், மறுபக்கம் விடும். கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்ஜினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போனது பெல்ட் வழியாக. பழைய கால்மிதி தையல் மிஷினில் கீழே பெரிய சக்கரத்திலிருந்து மேலே சின்ன சக்கரத்துக்குத் தோல் பெல்ட் ஓடுமே, அடிப்படை அதேதான், இங்கே அது கனமான பெல்ட், வலப் பின்சக்கரத்துக்கு ஒன்று, இடப் பின்சக்கரத்துக்கு ஒன்று. இதில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே வேகத்தில் சுழற்றினால் ஒரு டயர் தரையில் இழுபடும். சாதாரண கார்களில் இதற்காகவே டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு, கனமானது, விலை அதிகம். பெல்ட் வண்டிக்கு அது தேவையே இல்லை, ஏனென்றால் வளைவில் பெல்ட் தானாகவே கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடும். பெல்ட்டின் குறையே இங்கே வேலைக்கு ஆகிவிட்டது. ஆனால் மழை வந்தால் அதே வழுக்கல்தான் எமன். நனைந்த பெல்ட்டை வைத்துக்கொண்டு மேடு ஏற முடியாது. நாள் ஆக ஆகப் பெல்ட் நீளும், வெட்டிச் சுருக்க வேண்டும், அறுந்தும் போகும். இங்கிலாந்து மாதிரி எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் நாட்டில் இது எத்தனை பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் உலகப்போர் முடிந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. நான்கு வருடம் கார் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது, போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு வண்டி வேண்டும், எது கிடைத்தாலும் சரி. 1919-இல் பிரிட்டிஷ் கிரெகோயர் என்ற நிறுவனம் ஜி.என்.-ஐ வாங்கியது, உற்பத்தி தெற்கு லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் ஈஸ்ட் ஹில்லுக்குப் போனது. உச்சத்தில் சுமார் 500 பேர் வேலை பார்த்தார்கள், வாரத்துக்கு 55 வண்டிகள் வரை வெளியே வந்தன. குதிரை லாயத்தில் ஆரம்பித்து பத்து வருடத்தில் இது.

வண்டியும் மாறியிருந்தது. மரம் போய் எஃகு சட்டகம் வந்தது, இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் 84 மி.மீ. விட்டம், 98 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுகிற நீளம்), மொத்தம் சுமார் 1086 சிசி, அந்த 1100 எல்லைக்குள் கச்சிதமாக. பெல்ட் ஒழிந்து முழுக்க செயின் வந்தது. இந்த செயின் அமைப்புதான் ஜி.என். உலகத்துக்குக் கொடுத்த உண்மையான சொத்து, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கியருள்ள சைக்கிளில் ஒரே செயின் பல பல்சக்கரங்களுக்கு மாறி மாறித் தாவும். ஜி.என்.-இல் அப்படி இல்லை, ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி செயின். முன்னால் இன்ஜின், அதற்குப் பின்னால் கிளட்ச், அங்கிருந்து ஒரு தண்டு நீளமாகப் பின்பக்கம் போகிறது. அங்கே சக்தி 90 டிகிரி திரும்பி ஒரு குறுக்குத் தண்டுக்கு வருகிறது. அந்தக் குறுக்குத் தண்டில் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செயின் பின் அச்சில் இருக்கும் அதன் ஜோடிக்குப் போகிறது. வண்டி ஓடும்போது எல்லா செயினும் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் எல்லா கியரும் ஒரே நேரத்தில் விழுந்துவிடாதா? விழாது, காரணம் குறுக்குத் தண்டில் அந்தப் பல்சக்கரங்கள் தண்டோடு ஒட்டாமல் சும்மா சுழல்கின்றன. நீங்கள் லீவரைத் தள்ளும்போது ஒரே ஒரு பல்சக்கரம் மட்டும் தண்டோடு பூட்டிக்கொள்ளும். இரண்டு கைவிரல்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்துப் பாருங்கள், அந்த மாதிரி பற்கள் கோர்த்துக்கொள்வதற்கு டாக் கிளட்ச் என்று பெயர். கோர்த்த செயின் வண்டியை இழுக்கிறது, மற்றவை கூடவே சும்மா ஓடுகின்றன.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். உங்கள் பைக்கின் கியர்பாக்ஸுக்குள் இப்போதும் நடப்பது இதே தத்துவம்தான், அங்கே செயினுக்குப் பதில் பல்சக்கர ஜோடிகள் எப்போதும் கோர்த்தபடி சுழல்கின்றன, நீங்கள் காலால் தட்டும்போது ஏதோ ஒரு ஜோடி தண்டோடு பூட்டிக்கொள்கிறது. பைக்கில் கியர் 'டக்' என்று விழுகிறதே, ஜி.என்.-இலும் அதே வேகத்தில் விழும். அந்தக் காலத்துப் பெரிய கார்களில் பற்களையே நகர்த்திக் கோர்க்க வேண்டும், வேகம் பொருந்தாவிட்டால் கரகரவென்று அரைக்கும், அதைப் பழகுவதே ஒரு கலை. அவர்கள் ஒரு கியர் மாற்றி முடிப்பதற்குள் ஜி.என்.காரர் போய்விடுவார்.

இன்னொரு வசதியும் உண்டு. மலை ஏற வேண்டுமா, வேகமாகப் போக வேண்டுமா, அதற்கேற்ப கியர் விகிதத்தை மாற்ற கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். பல்சக்கரத்தைக் கழற்றி வேறு அளவில் ஒன்றைப் போட்டால் போதும். எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி திறந்து கிடக்கும், ஸ்பேனர் ஒன்று கையில் இருந்தால் யாரும் செய்யலாம். திறந்து கிடப்பதால் தூசி அடையும், அடிக்கடி எண்ணெய் விட வேண்டும், செயின் அறுந்தால் வழியிலேயே மாட்ட வேண்டும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டிஃபரன்ஷியல் மட்டும் இதிலும் கிடையாது. ஆனால் இப்போது வழுக்கிக் கொடுக்கப் பெல்ட்டும் இல்லை, பின் அச்சு ஒரே திடமான கம்பி, இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுழலும். அதனால் பின்சக்கரங்களுக்கு நடுவிலான இடைவெளியைக் குறைத்து வைத்தார்கள், இடைவெளி குறையக் குறைய வளைவில் இரண்டு சக்கரமும் போகிற தூர வித்தியாசமும் குறையும் இல்லையா, அதுதான் கணக்கு. இருந்தாலும் வளைவில் பின்பக்கம் லேசாக வெளியே வழுக்கத்தான் செய்யும். சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு அது பயம். ரேஸ் ஓட்டுகிறவருக்கோ அதைவிடச் சுகம் இல்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியைத் திருப்பிவிடலாம்.

இந்த வண்டியின் உரிமத்தை வாங்கியவர்களில் முக்கியமானது பிரான்ஸின் சால்ம்சன். போர்க்காலத்தில் விமான இன்ஜின் செய்த பெரிய நிறுவனம், போர் முடிந்ததும் அந்தத் தொழிற்சாலைக்கு வேலை வேண்டும், 1919-இல் ஜி.என். உரிமம் வாங்கி அங்கேயே செய்தார்கள். பிரெஞ்சு அரசும் உதவியது. 350 கிலோவுக்குள், 1100 சிசிக்குள், இரண்டு பேர் மட்டும் உட்காருகிற வண்டி என்றால் வருட வரி 100 பிராங்க்தான் என்று சட்டம் போட்டது. அதனால்தான் 1920-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் சைக்கிள்கார் மழைக் காளான் மாதிரி முளைத்தது. சால்ம்சன் சீக்கிரமே சொந்த நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு மாறி, 1921-இல் லெ மான் நகரில் நடந்த சைக்கிள்கார் கிராண்ட் பிரீயில் ஜெயித்தது, 1957 வரை கார் செய்தது. லண்டன் குதிரை லாயத்தில் முளைத்த விதை இப்படி ஒரு பிரெஞ்சு கார் கம்பெனியாக வளர்ந்தது.

அப்புறம் ஏன் ஜி.என். விழுந்தது?

போருக்குப் பிந்தைய கிராக்கி 1920 கடைசியில் திடீரென்று வடிந்தது. பொருளாதார மந்தம். 1921 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கார் உற்பத்தியாளர் மோரிஸ் தன் கார்களின் விலையை 100 பவுண்டு வரை ஒரேயடியாகக் குறைத்தார், மற்றவர்களும் பின்னாலேயே குறைத்தார்கள். உண்மையான கார் கொஞ்சம் கூடுதல் காசுக்கே கிடைக்கும் என்றால், எண்ணெய் விடவும் செயின் மாட்டவும் யார் குனிவார்கள்? 1921-லேயே கம்பெனி கடன் கொடுத்தவர்களின் பொறுப்புக்குப் போய்விட்டது.

கடைசி அடி 1922-இல் வந்தது, ஆஸ்டின் செவன் என்ற சின்ன காரின் உருவத்தில். இதில் வரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. 1921-லிருந்து பிரிட்டனில் கார் வரி குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு. அந்தக் குதிரைத்திறன் இன்ஜினின் நிஜமான சக்தி கிடையாது, சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து ஒரு சூத்திரம், பிஸ்டன் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்பது கணக்கிலேயே வராது. ஃபோர்டு மாடல் டி வண்டிக்கு 23 பவுண்டு. ஜி.என்.-இன் 84 மி.மீ. இரட்டைச் சிலிண்டருக்கு 8.7, அதாவது 9 பவுண்டு, பார்த்தால் பெரிய லாபம். ஆனால் 747 சிசி ஆஸ்டின் செவனுக்கு நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் வெறும் 56 மி.மீ. விட்டம், சூத்திரத்தில் போட்டால் 7.8, வரி 8 பவுண்டு! நான்கு சிலிண்டரின் மென்மையான ஓட்டம், தண்ணீரில் குளிரும் இன்ஜின், நான்கு சக்கரத்திலும் பிரேக், பின்னால் குழந்தைகளுக்கு இடம், 1923 வாக்கில் விலை 165 பவுண்டு, அதற்கு மேல் ஜி.என்.-ஐவிடக் குறைந்த வரி. சைக்கிள்கார் என்ற வகைக்கே இருந்த நியாயத்தை ஆஸ்டின் எடுத்துக்கொண்டது. மார்கன் தப்பித்ததற்குக் காரணம் அது மூன்று சக்கர வண்டி, அதற்குத் தனியாக 4 பவுண்டு வரி.

ஜி.என்.-இன் புதிய முதலாளிகளும் தண்ணீர் குளிர்விப்பு, நான்கு சிலிண்டர், செயினுக்குப் பதில் தண்டு என்று எல்லோரையும் போல ஒரு கார் செய்யப் பார்த்தார்கள். எல்லோரையும் போல என்றால் எல்லோரிடமும்தான் அது கிடைக்குமே, ஜி.என்.-இடம் ஏன் வாங்க வேண்டும்? 1922-இல் காட்ஃப்ரியும் நாஷும் வெளியேறினார்கள், 1920-களின் நடுவில் அந்தப் பெயரில் கார் வருவதே நின்றது.

செயினை நம்பியவர் ஃப்ரேஸர்-நாஷ். வெளியே வந்ததும் தன் பெயரிலேயே கார் செய்ய ஆரம்பித்தார், அதே குறுக்குத் தண்டு, அதே டாக் கிளட்ச், அதே திட அச்சு, இன்ஜின் மட்டும் நான்கு சிலிண்டர். கம்பெனி பிறகு ஆல்டிங்டன் சகோதரர்கள் கைக்குப் போனது, ஆனாலும் 1930-களின் கடைசி வரை செயின் வண்டிகள் வந்தன, மொத்தம் சுமார் 350. எண்ணிக்கை சின்னதுதான். 1934-இல் ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் பி.எம்.டபிள்யூ. கார்கள் ஓடிய விதத்தைப் பார்த்து அசந்துபோன ஆல்டிங்டன், அவற்றை பிரிட்டனுக்கு வரவழைத்து ஃப்ரேஸர் நாஷ்-பி.எம்.டபிள்யூ. என்று விற்றார். இரண்டாம் போர் முடிந்ததும் அந்தத் தொடர்பின் வழியாகவே பி.எம்.டபிள்யூ. இன்ஜின் வடிவமைப்பு பிரிஸ்டல் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்துக்கு வந்தது. அந்த பிரிஸ்டல் இன்ஜின் போட்ட ஃப்ரேஸர் நாஷ் ஒன்றுதான் 1951-இல் சிசிலியின் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் ஜெயித்தது, அந்தப் பந்தயத்தை வென்ற ஒரே பிரிட்டிஷ் கார் அது. அதே கம்பெனிதான் 1950-களில் பிரிட்டனுக்கு போர்ஷே கார்களை இறக்குமதி செய்தது.

காட்ஃப்ரி 1936-இல் வேறு இருவரோடு சேர்ந்து எச்.ஆர்.ஜி. என்ற கம்பெனியைத் தொடங்கினார், அதில் 'ஜி' அவர்தான். லேசான எடை, விறைப்பான ஸ்பிரிங், தேவையில்லாத எதுவும் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். 1949 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1500 சிசி பிரிவில் முதலிடம் அதற்குத்தான்.

ஆர்ச்சி ஃப்ரேஸர்-நாஷ் போன வழி இன்னும் தூரம். கார் தொழிலை விட்டுவிட்டு விமானத் துப்பாக்கிக் கூண்டுகளில் இறங்கினார். பறக்கிற வேகத்தில் காற்று தள்ளும், கையால் துப்பாக்கியைத் திருப்பிக் குறிவைக்க முடியாது, அதனால் சுடுபவர் உட்கார்ந்திருக்கும் கூண்டையே எண்ணெய் அழுத்தத்தால் திருப்புகிற அமைப்பை உருவாக்கினார். வெலிங்டன், ஸ்டர்லிங், லங்காஸ்டர் விமானங்களில் இருந்த எஃப்.என். கூண்டுகள், அந்த எழுத்துகள் அவர் பெயர்தான். மரக் கட்டையில் கயிறு சுற்றி ஸ்டியரிங் செய்த அதே கைகள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது. கம்பெனி போன பிறகு பழைய ஜி.என்.கள் மலிவாகக் கிடைத்தன, லேசானவை, கழற்றி மாட்டச் சுலபமானவை, அதனால் காசில்லாத ரேஸ் பைத்தியங்கள் எல்லாம் அவற்றைத்தான் வாங்கினார்கள். அவர்களில் பேஸில் டேவன்போர்ட் என்பவர் ஜி.என். பாகங்களைச் சேர்த்து ஸ்பைடர் என்று ஒரு வண்டி கட்டினார். ஆசனம், இன்ஜின், நான்கு சக்கரம், வேறு எதுவும் இல்லாத எலும்புக்கூடு. வொர்செஸ்டர்ஷயரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்று ஒரு மலையேற்றப் பாதை இருக்கிறது, 1000 கெஜம், 1905-லிருந்து இன்று வரை பந்தயம் நடக்கிற இடம். 1920-களின் இரண்டாம் பாதியில் விலை உயர்ந்த பெரிய கார்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி அந்த மலையின் சாதனை நேரத்தை ஸ்பைடர் திரும்பத் திரும்ப முறியடித்தது.

பழைய கார் பந்தயங்கள் நடக்கும்போது ஜி.என். சட்டகத்தில் கட்டிய வண்டிகள் இப்போதும் அந்த மலைக்கு வருகின்றன. சிலவற்றில் விமான இன்ஜினே மாட்டியிருக்கிறார்கள். ஃப்ரேஸர் நாஷ் செயின் வண்டி வைத்திருப்பவர்கள் தங்களைச் 'செயின் கேங்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். முறை வருவதற்கு முன் அந்த வண்டிகளின் பின்பக்கம் யாராவது குனிந்து உட்கார்ந்து, கை முழுக்க கிரீஸோடு, ஒரு பல்சக்கரத்தைக் கழற்றி மலைக்கு ஏற்ற இன்னொன்றை மாட்டிக்கொண்டிருப்பார்.